எந்தக் கொத்மலை

இரவு பத்தரைக்குக் குவைத்திலிருந்து
புஷ்பகாந்தி எடுத்தாள்.
"கொத்மலையத் திறந்துட்டாங்களாமேக்கா,
நியூஸ்ல ஓடுது."

திறந்தது வான்கதவு என்றேன்.
எட்டு வருடமாய் மணலைப் பார்த்தவளுக்கு
வான் என்றால் மேலே இருப்பது மட்டும்.
"ஐயோ" என்றாள்.

எந்தக் கொத்மலை என்று
முதலில் கேட்டிருக்க வேண்டும்.
ஆற்றுக்கு அந்தப் பெயர்.
ஆற்றை மறித்து நிறுத்திய தண்ணீருக்கும் அதே பெயர்.
தண்ணீருக்கு இடம்விட்டு மேலேறிய ஊருக்கு,
பொலிஸுக்கு, பஸ் போர்டுக்கு,
அவள் மகன் உறிஞ்சிவிட்டு
காலால் மிதித்து வெடிக்கும் பால் பெட்டிக்கு.
எங்கள் தோட்டத்துக்குப் பெயர் வேறு.
ஆனாலும் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப் போனால்
நாங்களும் கொத்மலை.

குணதிலக்க முதலாளியிடம் இன்னொன்று இருக்கிறது.
கடை வாசலில் நின்று
பாக்கிக் கொப்பியை நீட்டி
தண்ணீரின் நடுவே காட்டுவார்:
அங்கேதான் எங்கட குசினி.
கொஞ்சம் இந்தப் பக்கம், பலாமரம்.
நானும் பார்ப்பேன்.
நீர்க்காகம் ஒன்று முங்கும்,
நினைக்காத இடத்தில் எழும்.
அவர் கொப்பியை மடக்கி
"சீனி அரைக் கிலோவா?" என்பார்.

அவள் அழுதாள். மகனை எழுப்பச் சொன்னாள்.
"டாம் கீழ இருக்கும்மா, லயம் மேல இருக்கு"
என்று மூன்றாம் வகுப்பில் படித்ததைச் சொல்லிவிட்டு
பின்சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"அப்ப கீழ உள்ளவங்க?"

சைரன் ஊதினது, எழும்பிப் போயிருப்பாங்க என்றேன்.
அதுவும் கொத்மலைதான் என்று சொல்லவில்லை.

சொல்லாதவை வேறும் உண்டு.
மண் சரிந்து குழாய் உடைந்து
மூன்று நாளாய்ப் பீலியில் சொட்டு இல்லை.
அத்தனை தண்ணீர் கண்ணெதிரே கிடக்க
கூரைத் தகரத்தின் கீழ் வாளி வைத்திருக்கிறேன்.
கோழிக்கூட்டுக்கும் லயத்துக்கும் நடுவில்
நிலம் கீறியிருக்கிறது.
நேற்று விரல் போனது.
இன்று பின்னேரம் விட்டுப் பார்த்தேன்,
மணிக்கட்டுவரை குளிர்.
எந்த நியூஸிலும் அது ஓடாது.

"அப்ப பயமில்லையே?"
பயமில்லை, தூங்கு என்றேன்.

போனை வைத்துவிட்டு
பாயோடு பையனை
வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன்.