தேயிறதைப் போடுங்கோ

லான்ட்மாஸ்டரின் சுழட்டுக்கம்பி
திருப்பி அடித்ததில் போனது அந்தக் கடைவாய்ப் பல்.
சண்டையிலயோ என்று கேட்பவர்களுக்கு
இல்லை, டீசல் எஞ்சின் என்று சொல்லி
எனக்கே அலுத்துவிட்டது.

கிளிநொச்சியில், ஏ ஒன்பதைப் பார்த்த கிளினிக்.
தாடை எலும்புக்குள் டைட்டானிய மரை
நாலு மாதமாக ஊறிப் பிடித்திருக்கிறது.
டொக்டர் மதுவந்தி சொன்னா:
"சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில
மயிரிலயும் மெல்லிய நார் இருக்கு.
கடிக்கேக்க பல்லு ஒரு துளி அமுங்கும்.
இதுக்கு அது இல்லை.
வாற அடி நேர எலும்புக்குத்தான்."

புஷ் இல்லை என்கிறா.
விளங்கிவிட்டது.

தட்டில் இரண்டு பல்.
ஒன்று சேர்கோனியா: தேயாது, வளையாது,
வாங்கிய அடியில் சல்லிக்காசு குறைக்காமல்
கீழே கொடுத்துவிடும்.
மற்றது பீங்கான் தூள் கலந்த பிசின்.
கொஞ்சம் இளகும், அடியில் ஒரு பங்கைத் தானே விழுங்கும்,
ஆறேழு வருடத்தில் மாற்றவும் வரும்.
இரண்டுக்கும் கீழே நிற்க ஒரு முளை
(அவ சொன்ன பெயர் வாயில் நுழையவில்லை).

மாங்குளத்தில் பதினாறு வருடம்
ஒட்டுசுட்டான் கிரவலில் அடிபட்டு வந்த வண்டிகளுக்கு
அடியில் படுத்தவன் நான்.
புஷ் தேய்ஞ்சு போச்சு என்று சண்டைக்கு வருவார்கள்.
அது தேய்ந்ததால்தான் மற்றதெல்லாம் நிற்கிறது என்றால்
நம்பமாட்டார்கள்.
இரும்பிலயே கடைஞ்சு போடு, ஒரேயடியா, என்றார்
மணல் ஏற்றும் செபநேசன்.
போட்டேன்.
மூன்றாம் மாதம் சேசிஸ் வெடித்தது.

"தேயிறதைப் போடுங்கோ."

நிமிர்ந்து பார்த்தா.
தேயாதது வேணும் என்றுதான் எல்லாரும் கேட்பார்களாம்.

பிறகு எடுத்தா, சுண்டுவிரல் நீளத்தில்
ஒரு ரோர்க் ஸ்பனர்!
வாய் திறந்தபடி சிரிக்க முடியவில்லை.
கிளிக்.
அந்த இடத்திலேயே கையை விட்டா.
இன்னும் அரை முறுக்கு, இறுகட்டும் என்று
மரையைத் தின்னும் என் பெடியன்களை நினைத்தேன்.

"புழுக்கொடியல் மட்டும் வேண்டாம்."
"மற்றப் பக்கத்தால?"
பதில் சொல்லாமல் கையுறையைக் கழற்றினா.

இரண்டாம் கிழமை, இரவுச் சோற்றில் ஒரு கல்.
புதுப்பல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை.
மேலிருந்து அதைச் சந்தித்த என் பழைய பல்தான்
நாருக்குள் துள்ளி
வாயைத் திறக்க வைத்தது.

கல்லைத் தட்டின் ஓரம் வைத்தேன்.
உடைஞ்சிட்டுதோ என்றாள் வாகினி.
நகத்தால் தடவினேன்:
நகத்துக்கு மட்டும் தெரிகிற ஒரு கீறல்.

இல்லை என்றேன்,
வேலைக்கு வந்திட்டுது.