பத்து பதினாலு

தராசை நிறுத்த முடியாது.
வெட்டி எடுத்த பால் கேனுக்குள் காத்திருக்காது,
வெயில் ஏறினால் தானாகவே கட்டிதட்டும்.
அதனால் குலசேகரம் சங்கத்தில்
காலை எட்டிலிருந்து பதினொன்று வரை
மனிதனோ எந்திரமோ ஓயக்கூடாது என்பது
எழுதாத சட்டம்.

நாகர்கோவிலிலிருந்து வந்த தணிக்கைக்காரர் கோலப்பன் சாருக்கோ
ஓடாத கணக்கு வேண்டும்.
"ஓடுத தண்ணியில முகம் பாக்க முடியுமா?" என்கிறார்,
பழம்பொரியைச் செய்தித்தாளில் அழுத்தி
எண்ணெய் எடுத்துக்கொண்டே.

வழி எனக்குத் தெரியும்.
பின்னறையில், உரமூட்டைகளுக்கு அடுத்து,
ஒரே கணக்கை இரண்டு வட்டுகள்
ஒன்பது வருடமாகச் சேர்ந்தே எழுதுகின்றன.
பெருஞ்சாணிக்காரர் பால் கொண்டுவந்தால் இதிலும் அதிலும்.
முன்பணம் கேட்டால் இதிலும் அதிலும்.
தப்பாக அடித்தால் அந்தத் தப்பும் இரண்டிலும்.
ஒன்று செத்தால் மற்றது இருக்கட்டும் என்று வைத்த இரட்டை.
இன்று இரண்டும் உயிரோடிருக்கையிலேயே
பிரிக்கப்போகிறேன்.

நினைவகத்தில் தொங்குவதையெல்லாம்
வட்டில் இறக்கிவை என்றேன்.
பிறகு, நில்.

நான்கு நொடி.
முன்னறையில் டென்னிசனின் விரல்
என்டர் விசைமேல் அழுந்தியபடி.
"ஏ ஜெபிலா, செத்துப்போச்சு இது!"
தராசின் சிவப்பு எண்கள் மட்டும் நடுங்குகின்றன.
வரிசையில் ஒரு கேன் மூடி விழுந்து
உருண்டு
அடங்குகிறது.

பிரி.
இனி ஓடு.

விசை உயிர்பெற்றது, வரிசை நகர்ந்தது.
பிரிந்து வந்த பாதி
எழுத்தின் நடுவில் அகப்பட்ட ஒன்றிரண்டு வரிகளைத்
தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொண்டது.
படிக்க மட்டும் என்று அதைத் திறந்துவைத்தேன்.
அங்கே மணி பத்து பதினாலு.
டென்னிசன் என்ன அடித்தாலும்
அங்கே பத்து பதினாலு.

நாடா சுழலத் தொடங்கியது.
நாற்பது நிமிடம்.
அதுவரை சங்கம் ஒற்றைக் காலில்.
பேச்சிப்பாறைப் பக்கம் வானம் கறுக்க,
மின்வாரியத்தை நம்பாமல்
யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லில்லிபாய்.
கையில் பாஸ்புக், புடவைக் கரையில் ஒட்டுப்பால்.
"எனக்க பாலு பதினேழு கிலோ.
இவன் பதினொண்ணுண்ணு அடிச்சு வச்சிருக்கான்."
டென்னிசன் சீட்டைப் பார்த்தான்,
தன் ஏழு ஒன்றாகத் தெரிவதைப் பார்த்தான்,
நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினான்.
பத்து இருபத்தாறு.

அவள் போகவில்லை.
"பெரிய சாரு பாக்குததுலயும் மாத்து."
"அதுல கை வைக்க முடியாதுக்கா."
"ஏன், அது யாருக்க கணக்கு?"

அவள் வீட்டு முற்றத்து டிஷ்ஷில்
ஆசிட் கலக்கிய பிறகு விழும் இலைத்துணுக்கு
ஷீட்டுக்குள் இருந்தே காயும்.
உறைந்ததைத் திருத்த முடியாதென்று
அவளுக்குத் தெரியாததா?
சொல்ல வாய் திறந்தேன்.
ஆனால் அது இலை.
இது ஆறு கிலோ.

ஒரு தாளில் எழுதினேன்:
லில்லிபாய், பதினொன்று அல்ல, பதினேழு.
திருத்திய நேரம் பத்து இருபத்தாறு.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"சீல் எங்க?" என்றாள்.
சீல் வைத்தேன்.
கோணலாக விழுந்தது என்று இன்னொன்றும்.

நாடா நின்றது.
பாதியை மூடி, மற்றதோடு சேர்த்தேன்.
முழுக் கணக்கையும் அது கேட்கவில்லை.
தான் இல்லாதபோது மாறிய கட்டங்களை மட்டும்
ஓரமாக வாங்கி எழுதிக்கொண்டது,
லில்லிபாயின் ஏழையும் சேர்த்து.
நூறு சதவீதம்.
பத்து பதினாலு என்று சாதித்த பிடிவாதம்
இனி அதில் எங்கே என்று
எனக்கே காட்டத் தெரியாது.

கோலப்பன் சார் நாடாவைப்
பையில், குடைக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் நடுவில் வைத்தார்.
நாடாவுக்குள் பதினொன்று.
அதன்மேல் சுற்றிய தாளில் பதினேழு.
இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ரப்பர்பேண்டு
யாருடைய பாலோ.

முதல் துளி தகரத்தில் விழுந்தது.
தராசை மூடச் சொல்லிக் கத்துகிறான் டென்னிசன்.