உறைந்த குழாய்

குவோப்பியோவில் இருபத்தெட்டு வருஷமாகக்
குழாய் வேலை பார்க்கிறேன்.
உறைந்த குழாயில் கொதிநீர் ஊற்றாதே என்று
எத்தனை வீட்டில் கத்தியிருப்பேன்.

என் மகள் பெயர் வில்யா.
எங்கள் மொழியில் தானியம் என்று பொருள்.
சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்,
நான் சிரித்து முடித்துவிட்டேன்.

நான்காம் மாடி. இரவு.
திரையில் அவள் இதயம்
ஒரு துடிப்பு துடித்துவிட்டு
அடுத்ததற்கு யோசிக்கிறது.
மணி ஓயாமல் அடித்ததால்
நர்ஸ் ஹில்க்கா எச்சரிக்கை அளவைக் கீழே இறக்கினாள்.
பிறகு இன்னும் கீழே.
அதற்கப்புறம் வந்த அமைதியில்தான் எனக்கு வியர்த்தது.

பொட்டாசியம் ஏறும் கை எரிகிறது என்கிறாள்.
சட்டை மாற்றும்போது முதுகைப் பார்த்தேன்.
பிறந்த அன்று இருந்த அதே பூனைமயிர்.
அடுப்பு அணைந்த உடம்பு
தனக்குத்தானே நெய்துகொண்ட கம்பளி.

இரண்டு குளிர்காலம் கெஞ்சினேன்.
ஒருமுறை தட்டை உடைத்தேன்.
சில்லுகளை அவள்தான் கூட்டினாள்,
நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து.

செவ்வாய்க்கிழமை, கிண்ணம் காலியானதும்,
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"அப்பா, இன்னும் கொஞ்சம்."

ஓடினேன்.
காரில் இருந்தது, தினமும் கொண்டுவந்து
தினமும் திருப்பிக் கொண்டுபோன
மீனை உள்ளே வைத்துச் சுட்ட எங்கள் ஊர் ரொட்டி.
கதவில் ஹில்க்கா நின்றாள்.
"இப்போது வேண்டாம்."

கத்தியிருப்பேன். ஞாபகமில்லை.
அவள் ஒரு காகிதத்தைக் காட்டினாள்:
பாஸ்பேட், நேற்றைவிடக் குறைவு.
காய்ந்த உடம்பு சாப்பாட்டைக் கண்டதும்
ரத்தத்தில் மிஞ்சிய உப்பையெல்லாம்
வாரி உள்ளே இழுத்துக்கொள்ளுமாம்,
இதயத்துக்கு மிச்சம் வைக்காதாம்.
"பட்டினியில் தப்பியவர்கள் விருந்தில் போயிருக்கிறார்கள்.
உங்கள் கையில் இருப்பது நல்ல ரொட்டி. அதனால்தான்."

நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தேன்,
மடியில் ரொட்டி.
குழாய்க்கு நான் என்ன செய்வேன்?
திறப்பின் பக்கமிருந்து ஆரம்பிப்பேன்.
துணி சுற்றி,
ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து,
விரலால் தொட்டுத் தொட்டு.
வீட்டுக்காரர் அவசரப்பட்டால்
வெளியே அனுப்பிவிடுவேன்.

வெளியே அனுப்பிவிடுவேன்.

ஆறு மணிக்கு அளந்த கிண்ணம் வருகிறது,
நிறையக்கூட இல்லை.
நாளைக் காலை ரத்தம் எடுப்பார்கள்,
எண் ஏறலாம், இறங்கலாம்.
வில்யா ஹில்க்காவை முறைக்கிறாள்,
பசித்தவள் முறைக்கிற முறை.
நான் அந்த முறைப்பையே
பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
வாயைத் திறக்காமல்.