அஞ்செழுத்து

தலைக்கவசத்தில் ஒட்டியிருந்த அஞ்செழுத்தை
அண்ணி நகத்தால் உரித்த இரவு
யாங்கூன் முழுக்க மின்சாரம் இல்லை.

எங்கள் வீட்டைக் காக்கிற அஞ்செழுத்து வேறு,
திருநீற்றோடு வருவது.
இது ‘பிரஸ்’. ஆங்கிலத்தில், வெள்ளை ஸ்டிக்கர்.
“சுடக்கூடாதென்று ஒட்டினது.
இப்போ அதைப் பார்த்துத்தான் குறி வைக்கிறான்”
என்றான் அண்ணன், மெழுகுவத்தியைப் பிடித்தபடி.
இரட்டைப் பாம்பாய்க் கடைசி இரண்டும் கிளம்பவில்லை.
மண்ணெண்ணெய் தேய்த்தோம்.

காலையில் லைங்தாயா போனான்.
ஒன்பது படம் வந்தது.
பத்தாவது பாதியில் நின்றது:
ஒரு செருப்பு, கொஞ்சம் வானம்.

இன்செயின் சிறை வாசலில்
தமிழ்ப் பெயர் சொன்னோம், பர்மியப் பெயரும் சொன்னோம்.
இரண்டு பெயரிலும் ஆள் இல்லையாம்.

பதினோராம் நாள், இருட்டின பிறகு,
சைக்கா ஓட்டி ஒருவன்
அரிசிப் பையில் சுற்றிக் கவசத்தைக் கொடுத்தான்.
பேர் கேட்டோம்.
மிதித்துப் போய்விட்டான்.

பசை இருந்த இடத்திலெல்லாம்
அந்தத் தெருவின் புழுதி.
வெள்ளையாய் இருந்தது கறுப்பாய்,
எதிர்மாடியிலிருந்துகூட வாசிக்கலாம்.

அண்ணி துணியை நனைத்தாள்.
பிழிந்தாள்.
கொடியில் காயப்போட்டாள்.