காரணம் கட்டாயம்

பாயான் லெப்பாஸில், கார் ஏர்கோன் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் வியாபாரம்.
இல்லாத எந்திரங்களை வாடகைக்கு விடுகிறோம்.
கதவு கிடையாது, பூட்டு கிடையாது,
வாடகை மட்டும் உண்டு.

கணக்குப் பார்க்கும் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதில்லை.
உருகுவேயில் யாரோ ஒருவர் எழுதித்
திறந்தபடியே போட்டுவைத்திருக்கிறார்.
எடுத்துக்கொள், பிரித்துப் பார்,
மாற்றினால் எனக்கும் சொல். அவ்வளவுதான்.

பிரித்துப் பார்த்தேன்.
மாதம் என்பது எழுநூற்று முப்பது மணி நேரம்
என்று நான்காம் கோப்பில் இருந்தது.
பிப்ரவரிக்கும் அதே எழுநூற்று முப்பது.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
'தெரியும். மன்னிக்கவும்.'

ஒன்றாம் தேதி பின்னிரவு மூன்றுக்கு பில்கள் கிளம்பும்.
செங் கியாட் மாமாக் கடைக்குத் தேஓ வாங்கப் போய்விடுவான்.
ஆயர் ஈத்தாம் சவப்பெட்டிக் கடைக்கு அறுபது ரிங்கிட்,
ஜெலுத்தோங் டியூஷன் சென்டருக்கு இருபத்தெட்டு,
நாணய மாற்று நைனாருக்கு
நாற்பத்தொன்று, இருபது சென்.

'நிறுத்தித்தானம்மா வெச்சிருக்கேன், எதுக்குக் காசு?'
பசியாறும் நேரத்துக்கு நைனார் கூப்பிடுவார்.
படுத்திருப்பவனுக்கும் பாய் வேண்டுமே அண்ணே என்பேன்.
சிரித்துவிட்டுக் கட்டிவிடுவார்.
ஐந்து சென்னுக்கு முழுதாக்கும் கணக்கில் மட்டும்
சிரிக்கமாட்டார்.

நூற்றுப் பதினேழாம் எண்.
திலகேஸ்வரி முனுசாமி, பட்டர்வொர்த்.
மூன்று மாத பாக்கி.
இன்றிரவு தானாக அழிந்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க எனக்கு உரிமையில்லை.
அழிக்க உண்டு.
வெளியிலிருந்து தெரிவது ஒரு கோடு.
நாள் முழுக்கத் தரையோடு கிடக்கும்,
இரவு இரண்டு பத்துக்கு எழும்,
நான்கு நிமிடம் எதையோ செய்யும்,
திரும்பப் படுத்துக்கொள்ளும்.
கைப்பேசியில் அழைத்தால்
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று
மலாயில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்.

மணி இரண்டு பன்னிரண்டு. கோடு எழுந்து நின்றது.
கெடுத் தேதியைக் கையால் தள்ளிவைத்தேன்.
மென்பொருள் கேட்டது:
காரணம் (கட்டாயம்).

என்ன எழுதுவது?
ஜன்னலில் பாலம் தெரியவில்லை,
அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது.
மழை என்று அடித்தேன்.
பதிவேட்டில் விழுந்தது
???

எழுத்து இரண்டு, கேள்விக்குறி மூன்று.
துணைக்காலே இல்லாத ஐகாரத்துக்குத்
தனியாக ஒரு கேள்வி போட்டிருக்கிறான் பாவி.
தள்ளுபடியான மூன்று மாத வாடகை உறுத்தவில்லை,
இது உறுத்தியது.

விடியும்வரை உட்கார்ந்து
ஏழு வரிகள் மாற்றி உருகுவேக்கு அனுப்பினேன்.
அங்கே முந்தின நாள் மாலை.
சேர்த்துக்கொண்டேன் என்று பதில் வந்தது,
சோதனைப் பட்டியலில் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்,
அதற்கு என்ன பொருள்?
சொன்னேன்.
இங்கே ஐந்து மாதமாக இல்லை என்று எழுதினார்.

இனி எங்கே யார் அதை நிறுவினாலும்
முதலில் ஒருமுறை மழை சரியாக விழுகிறதா என்று
பார்த்துவிட்டுத்தான் கணக்கு தொடங்கும்.

ஆறாம் மாதம்
நூற்றுப் பதினேழை அழித்தேன்.
தானாக விடாமல், கையால், பகலில்.
பதினொரு வினாடி.
காரணம் கேட்டது.
பாக்கி என்று அடித்தேன்.
ஒரு புள்ளிகூடச் சிதறாமல் விழுந்தது.