ஐந்தாவது வரி

வீடியோவில் வருகிற பெண்ணுக்கு வியர்ப்பதேயில்லை.
இன்னும் மூன்றுதான், இன்னும் இரண்டுதான் என்று
பல் தெரிய எண்ணுவாள்.
நான் ஐந்தில் நிற்க
அவள் பதினொன்றில்.
ஈரக் கையால் தொட்டால் திரை நிற்காது,
காணி விற்கும் விளம்பரத்துக்குப் போய்விடும்.
மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து
ஒரு காலைத் தூக்கியபடியே உறைந்துபோனாள்.
அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகுதான் இந்தத் தாள்.

இடுப்புநோ என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது
இயன்மருத்துவம் பார்க்கிற ஜெசிந்தா
கிளினிக் துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தது.
ஆறு வரி.
குந்தி எழும்பல், பத்து, மூன்று தரம்.
சுவரில் கை ஊன்றித் தள்ளல், எட்டு, மூன்று தரம்.
பாரம் தூக்கி நிமிர்தல், முதுகு வளையாமல்
(கீழே இரண்டு கோடு).
கடைசியில் சின்னதாக:
ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் சும்மா இருக்கவும்.

அலுமாரிக் கதவில் ஒட்டினேன்,
கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில்.

பாரம் என்றால்
மூடி தொலைந்த இரண்டு ஐந்து லீற்றர் கான்.
டச்பே கரையில் மணல் நிரப்பி
உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோவில் கொண்டுவந்தேன்.
ஈர மணல் கனம், காயக் காய இலேசு.
வெயில் எறித்த கிழமைகளில்
நான் பெரிய பலசாலி.

தாள் அவசரப்படுத்தாது.
பால் பொங்கினால் பொறுக்கும்.
மீன்காரர் கேற்றடியில் ஹோர்ன் அடித்தால்
அரைக் கிலோ சூடை வாங்கி, கழுவி,
உப்புப் போட்டுவிட்டு வந்து
ஏழில் இருந்து தொடரலாம்.
கெட்டிக்காரி என்றும் சொல்லாது.
அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த இரண்டு நிமிஷம்தான் கஷ்டம்.
சும்மா இரு என்று
இதுவரை எனக்கு யாரும் எழுதித் தந்ததில்லை.
முதல் கிழமை அதற்குள் வெங்காயம் உரித்தேன்.
பிறகு மெய்யாகவே நிலத்தில் இருந்தேன்.
யன்னலுக்கு அங்கால்
ஒரு மான்
யாரோ எறிந்த காட்போட் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
மென்றது. நிறுத்தியது. மென்றது.
அதற்கும் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது வரி மட்டும் விளங்கவேயில்லை.
"கால்" தெரிந்தது.
பிறகு ஒரு சுழி, ஒரு இழுப்பு, பன்னிரண்டு.
கால் தூக்கலா, மடக்கலா?
கால் மணித்தியாலமாகவும் இருக்கலாம்.
நானே ஒன்று செய்தேன்.
கதிரையைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று
மற்றக் காலைப் பின்னால்,
கை நிறையச் சாமானோடு
கதவைச் சாத்துகிற மாதிரி.
பதினெட்டு வருஷப் பழக்கம்,
முதல் நாளே நன்றாக வந்தது.

நான்காம் மாதம் காஸ் வந்தது.
"குசினிக்க வைக்கிறதெண்டா இன்னும் நூறு, அக்கா."
வாசலிலேயே வைத்துவிட்டுப் போ என்றேன்.
குந்தினேன்.
இரண்டு கோடு.
நிமிர்ந்தபோது நெஞ்சோடு சிலிண்டர்,
அதன் குளிர்,
அதன் துருமணம்.
உள்ளே வந்து
பின்காலால் கதவை உதைத்துச் சாத்தினேன்.
ஒன்று.

சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஜெசிந்தாவிடம்
தாளை நீட்டினேன்.
தூரப் பிடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.
"என்ர எழுத்துத்தான்.
என்ன எழுதினனெண்டு தெரியேல்ல.
இப்ப நோ இருக்கா?"
இல்லை.
"அப்ப செய்யிறதையே செய்யுங்கோ."

நேற்று மதிலுக்கு மேலால் ஹம்சியா கேட்டாள்,
சிலிண்டரை அவள் பார்த்திருக்கிறாள்.
மகனின் கொப்பியில் ஒற்றை கிழித்து
என் வடிவான எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தில் பேனை நின்றது.
கதிரை, கதவு, சாமான்
எல்லாவற்றையும் விபரமாக எழுதலாம்தான்.

"கால்" என்று எழுதினேன்.
பிறகு ஒரு சுழி,
ஒரு இழுப்பு,
பன்னிரண்டு.