அழுத்த முடியாத படம்

கரடிப்போக்குச் சந்தியில்
இரும்புக்கடைக்கு மேலே என் மேசை.
கீழே கம்பி வெட்டும்போதெல்லாம்
திரையில் கோடுகள் நடுங்குவதாய்த் தோன்றும்.
நடுங்குவது தேநீர்தான்.

வலைத்தளம் செய்கிறேன் என்றால்
பழுதான ரவுட்டரைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.
என் வேலை வேறு.
ஒரு பெருவிரல் எந்த இடத்தில் தயங்கும் என்று
அது தயங்குவதற்கு முன்னமே யோசிப்பது.

விரல்களை எனக்குத் தெரியும்.
உரக்கடை நகுலேசின் விரலைத்
திரை விரலென்றே ஏற்காது, அவ்வளவு வெடிப்பு.
நாவில் தொட்டுவிட்டு மறுபடி அழுத்துவார்.
தவமலர் அக்கா சுட்டுவிரலின் மூட்டால் அழுத்துவா.
அதற்கு மேல் விரல் இல்லை.
பட்டனுக்கு நாற்பத்துநாலு புள்ளி போதும்
என்கிறது கையேடு.
நான் அறுபது வைத்தேன்.
ஏன் இவ்வளவு பெரிசு என்று
கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டார்.
அழகாயிருக்கு என்று எழுதிவிட்டேன்.

கமக்காரர் சம்மேளனத்துக்கு ஒரு தளம்.
மூன்று கூட்டம் கூடி ஒரு வாசகம் எழுதித் தந்தார்கள்:
'மண்ணோடு உயர்வோம், மனதோடு இணைவோம்.'
அதன் பின்னால், சும்மா ஒரு அலங்காரத்துக்கு,
இரணைமடு வான்கதவுப் படம்.
மார்கழி வெள்ளத்தில் பிரதாபன்
மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு எடுத்தது.

ஆட்கள் எங்கே தொடுகிறார்கள் என்று
நிறத்தில் காட்டும் கருவி ஒன்று உண்டு.
தொட்டால் சிவப்பு. தொடாவிட்டால் நீலம்.
வாசகம் நீலம், ஐஸ் மாதிரி.
'எங்களைப் பற்றி'யில் ஒரேயொரு புள்ளி,
அது தலைவர்.
படம் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றிபோல.
ஒருவர் ஒரே நிமிடத்தில் பதினொரு தரம்.
அது பட்டன் இல்லை. அழுத்தினால் எதுவும் திறக்காது.
எங்கள் தொழிலில் இதற்குக்
கோபக் கிளிக் என்று பெயர்.

கோபமோ என்று இறங்கிப்போய்க் கேட்டேன்.
நகுலேஸ் இரண்டு விரலால் படத்தை விரித்தார்,
கதவுக்குப் பக்கத்தில்
அடி எழுதிய கட்டை வரைக்கும்.
'தண்ணி எத்தினை அடி எண்டு பாக்கிறன், தங்கச்சி.
சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விடுவாங்களெண்டு
அதை வச்சுத்தானே.'
அது மார்கழித் தண்ணீர்.
அப்போது மாசி முடிந்துகொண்டிருந்தது.

வாசகத்தைத் தூக்கினேன்.
அந்த இடத்தில் ஒரு எண்.
காலை ஆறு பத்துக்கு
குளத்தடியிலிருந்து செல்வநிதி வைபரில் அனுப்புவார்:
27 அடி 4 அங்குலம்.
சில நாள் ஒரு கொட்டாவிப் படமும் வரும்.

'முந்தி ரெண்டு நிமிசம் நிண்டவை,
இப்ப ஒன்பது செக்கனிலை போயினம்'
என்று செயலாளர் முகம் வாடினார்.
போகத்தான் வேண்டும்.
வயலுக்கு, கடைக்கு, பஸ்ஸுக்கு.
ஆளைப் பிடித்து வைக்கத்தான்
என் தொழிலில் முக்கால்வாசிப் பேருக்குச் சம்பளம்.
அவர்கள் செய்தவற்றை எனக்கு நன்றாகத் தெரியும்,
ஆனாலும் இரவு ஒன்றரை வரை
நுளம்புவலைக்குள் படுத்தபடி
யாரோ கேக் வெட்டுவதையும்
யாரோ வீடு கழுவுவதையும்
மேலே மேலே தள்ளிக்கொண்டு கிடப்பேன்.
அடியே வராது.
அடி வராமல் செய்தது எப்படி என்று
எனக்கே ஒரு மணித்தியாலம் விளக்கத் தெரியும்.

ஒரே ஒருவர் ஒன்பது செக்கனில் போவதில்லை.
பேர்ண் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்.
இங்கே ஆறேகால், அங்கே ஒன்றே முக்கால் இரவு.
எண் மாறியதும் வருவார்.
கீழே இறக்குவதில்லை. எதையும் தொடுவதில்லை.
ஐந்து நிமிடம், சில நாள் ஏழு.
அங்கே அவருக்கு விதைக்க ஒன்றும் இராது.
இங்கே இருக்கிறதா, தெரியாது.
கருவி விரலைக் காட்டும், ஆளைக் காட்டாது.
இப்படி ஒரு ஆளுக்கு என்ன வடிவமைப்பது என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

மூன்று நிமிடம் அசையாதிருந்தால்
தானாக எழும்பும் ஒரு பெட்டி உண்டு:
'நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?'
அதை மட்டும் எடுத்துவிட்டேன்.